கை பொறுக்கும் சூடு

வலி என்று அந்தச் சிகிச்சை நிலையத்துக்கு வருகிறவர்கள் டாக்டருக்காக அரை மணி நேரம் காத்திருப்பார்கள். ஒத்தடத்தம்மாவுக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். டாக்டருக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "என்கிட்ட மருந்துச் சீட்டுதான் இருக்கு. அவங்ககிட்ட அடுப்பு இருக்கே" என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

மாடியில் மூன்று அறைகள். கடைசி அறை ஒத்தடத்தம்மாவுடையது. ஒரு ஜன்னல், ஒரு கேஸ் அடுப்பு, மூன்று இரும்புச் சட்டிகள், ஒரு கெட்டில், சுவரோரம் இரண்டு கட்டில்கள். ஆணிகளில் துணிப் பைகள் தொங்கும். நீலப் பையில் மணல், வெள்ளைப் பையில் கல்லுப்பு, பழுப்புப் பையில் கோதுமைத் தவிடு, தடித்த கித்தான் பையில் கூழாங்கற்கள். தண்ணீருக்கு ரப்பர்ப் பை. அந்த ரப்பர்ப் பையைத் தவிர மற்ற எல்லாமே அவர் கையால் தைத்தவை.

அவருக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டார். இங்கே சேர்ந்தது தரை துடைக்க. சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு நாள் மின்சாரம் நின்றுபோனது. முதுகு பிடித்துக்கொண்ட ஒரு லாரி ஓட்டுநர் கட்டிலில் குப்புறக் கிடந்து முனகிக்கொண்டிருந்தார். டாக்டரின் மின்சார ஒத்தடப் பையில் உயிர் இல்லை. இவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, டீ போடும் அடுப்பில் சட்டியை ஏற்றி உப்பை வறுத்து, ஒரு தலையணை உறையில் கட்டிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனார். எழுப்பி அனுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அது நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் படித்த பாடம் சூடு ஒன்றுதான். தீ ஒன்றே என்றாலும், அதை வாங்கிக்கொள்வதிலும் வைத்துக்கொள்வதிலும் திருப்பிக் கொடுப்பதிலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு போக்கு உண்டு என்று கவனித்திருந்தார். அவர் பேச்சில் அவை எல்லாம் ஆட்கள்.

"உப்பு வாயாடிங்க. சட்டியில போட்டதுமே படபடன்னு பேச ஆரம்பிச்சிடும். மழைக்காலம் வந்தா ஈரத்தைக் குடிச்சிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். மணல் அழுத்தக்காரன். மேல தொட்டா ஆறிட்ட மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள கனன்னுகிட்டு இருக்கும். பிசைஞ்சு பிசைஞ்சுதான் மனசுல இருக்கிறதை வெளியே வரவழைக்கணும். கல்லு கோவக்காரன், தொட்ட இடத்துலயே கொட்டித் தீர்த்திடுவான். தவிடு இருக்கே, அதுக்கு எல்லாத்துலயும் தயக்கம். வாங்குறப்பவும் தயங்கும், கொடுக்கிறப்பவும் தயங்கும். குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் அதுதான் சரி."

"அப்போ தண்ணி?" என்று கட்டிலில் இருப்பவர் கேட்பார்.

"தண்ணி பெரிய குடும்பத்துக்கு வாக்கப்பட்ட மூத்த மருமக. எவ்வளவு கொடுத்தாலும் உள்ளே வாங்கி வெச்சுக்குவா, முகத்துல காட்டமாட்டா. மணல் காஞ்சு முடிக்கிற நேரத்துல தண்ணி அப்பத்தான் சோம்பல் முறிக்கும். ஆனா ஒரு தடவை காஞ்சிட்டா, மத்ததெல்லாம் ஆறி அடங்கின பிறகும் அவகிட்ட மிச்சம் இருக்கும்."

இதில் மிகை அதிகமில்லை. ஒரே எடை மணலையும் தண்ணீரையும் ஒரே அளவுக்குச் சூடாக்க, தண்ணீருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் அந்த வகுப்பு வரைக்கும் போனவர் இல்லை.

எந்தப் பையையும் உடம்பில் வைப்பதற்கு முன் வலது உள்ளங்கையை அதன்மேல் பதித்து, கண்ணை மூடி, மனசுக்குள் பத்து எண்ணுவார். பிறகு அந்த அறைக்கே உரிய தீர்ப்பு வரும். "ம், கை பொறுக்குற சூடு." அதற்குமேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, தபால்காரம்மா வந்தார். பதினாறு வருடம் ஒரே தோளில் கடிதப் பையை மாட்டி நடந்ததில் அந்தத் தோள் இறுகிப்போயிருந்தது. தலைமுடியை வாரக்கூடக் கை மேலே போகவில்லை. ஒத்தடத்தம்மா மணலை வறுத்தார், நீலப் பையில் கொட்டிக் கட்டினார், பிசைந்தார், உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணினார், தீர்ப்பைச் சொன்னார். பையைத் தோளில் வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்தினார்.

"எப்படி இருக்கு?"

"சுகமா இருக்குக்கா."

கால் மணி நேரம் கழிந்தது. மறுநாள் காலை தபால்காரம்மா தன் அண்ணனோடு படியேறி வந்தார். தோளில் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு கொப்புளங்கள்.

அண்ணன் கூடத்தில் நின்றுகொண்டே ஆரம்பித்துவிட்டார். "இஸ்திரி போட்ட கை அப்படித்தானே இருக்கும்? இது என் தங்கச்சி தோளா, இல்ல கஞ்சி போட்ட சட்டையா?"

"அண்ணே, சும்மா இரு. நாலு பேர் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். பாத்துட்டு அடுத்த ஆளு தோளையாவது காப்பாத்திக்கட்டும்."

ஒத்தடத்தம்மா கடைசி அறையின் வாசலில் நின்றார். டாக்டர் கொப்புளங்களுக்கு மருந்து தடவிவிட்டு, "சுடுதுன்னு நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

தபால்காரம்மா கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "அக்கா வெச்சா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் டாக்டர். எனக்குத்தான் தாங்கத் தெரியலன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்."

கழுத்து வலிக்காக இரண்டு வருடம் அந்தக் கட்டிலில் படுத்தவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டதில் எனக்கும் பங்கு உண்டு. நல்ல பெயர் எடுத்தவரிடம் "சுடுது" என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. அந்தக் கொப்புளங்களை உண்டாக்கியதில் மணலுக்கு எவ்வளவு பங்கோ, அவருடைய பேருக்கும் அவ்வளவு பங்கு.

டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "மணல் உள்சூடு வெச்சுக்கும்னு நீங்களே சொல்வீங்க. அதுதான் காரணமா இருக்கும். கொஞ்ச நாள் அடுப்பைப் பத்தவைக்க வேண்டாம்மா. திங்கட்கிழமை ரெண்டு மின்சாரப் பை வருது. சூடு ஏறினா அதுவே நின்னுடும். நீங்க வாசல்ல உக்காந்து பேர் எழுதுங்க."

கனிவாகத்தான் சொன்னார். ஆனால் கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் தவறு எங்கே என்று தெரியாவிட்டால், அவர் இனி ஒரு பையையும் தொடப்போவதில்லை. அவரை வாட்டியதும் அதுதான். மணலை அவர் பிசைந்திருந்தார், நன்றாகவே பிசைந்திருந்தார். உள்சூடு அவரை ஏமாற்றவில்லை. அப்படியானால் ஏமாற்றியது எது?

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துகிற வேலை அவருக்கு. கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் விரல் நுனியால் கண்டுபிடித்துவிடுவார். அதே விரலால் ஒரு டீ டம்ளரைப் பிடிக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடக்கும் நிரந்தர நகைச்சுவை அது. அவருக்கு மனைவி வைத்த பட்டப்பெயர் "பஞ்சு".

ஒத்தடத்தம்மா டீயை நீட்டினார். அவர் வாங்கிய வேகத்தில் கீழே வைத்துவிட்டு விரலை ஊதினார்.

"பஞ்சுக்குப் பத்திக்கிச்சு" என்றார் ஒத்தடத்தம்மா. பழக்கத்தில் வாயில் வந்த வார்த்தை, சிரிப்பு வரவில்லை. அந்த டம்ளரைத் தன் கையில் எடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆவியையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. இது உங்களுக்கு எவ்வளவு நாளா இப்படிச் சுடுது?"

"எதுக்கு இப்போ?"

"சொல்லுங்களேன்."

அவர் யோசித்தார். "முன்னாடி எல்லாம் கை மாத்தி மாத்திப் பிடிச்சுக் குடிச்சிடுவேன். ஒரு எட்டு, பத்து வருஷமா தொடவே முடியல. வருஷா வருஷம் கொதிப்பு ஏறிக்கிட்டே போகுது. உனக்கு அப்படிக் கொடுத்தாத்தான் திருப்தி போலன்னு ஆற விட்டுக் குடிப்பேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"தினமும்தானேம்மா சொல்றேன். நீதான் சிரிக்கிறே."

ஒத்தடத்தம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கை பொறுக்கும் சூடு என்கிற சொல்லில் கை இருக்கிறது; யாருடைய கை என்பது இல்லை. பன்னிரண்டு வருட இஸ்திரியும் பத்தொன்பது வருடச் சட்டியும் சேர்ந்து அவர் உள்ளங்கையைத் தடிக்க வைத்திருந்தன. அது ஒரே நாளில் தடித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். வருடத்துக்குக் கொஞ்சமாக அளவுகோல் நீண்டுகொண்டே போயிருக்கிறது. அந்த அளவுகோலை வைத்தே அந்த அளவுகோலைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் டாக்டர் வருவதற்கு முன்பே போய் அவர் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டார்.

"மணல் மேல தப்பில்ல டாக்டர். பாவம், அதைத் திட்டாதீங்க. தப்பு என் கை மேல."

மணலின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். டாக்டரே அந்த வழியைத் திறந்து வைத்திருந்தார். நான் யாரையும் லேசில் பாராட்டுகிறவன் இல்லை. இதைப் பாராட்டுகிறேன்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, வெந்நீர் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குப்பிகளை உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று குழந்தை குளிக்கிற சூடு. மற்றதை டாக்டராலேயே பிடிக்க முடியாமல் துணி சுற்றிக் கொண்டுவந்து, வைக்கும்போதுதான் துணியை விலக்கினார்.

"எது அதிகம்?"

"ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்" என்றார் அவர். சொன்ன பிறகு கண்ணைத் திறந்து டாக்டரின் முகத்தைப் பார்த்தார். கேட்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

"நானும் ஒரு நாள் வந்து உங்க பையைத் தொட்டுப் பாத்ததில்லை" என்றார் டாக்டர் மெதுவாக. "பத்தொன்பது வருஷம். அது என் தப்பு." பிறகு, "ஒரு தெர்மாமீட்டர் வாங்கிடலாம். நாற்பத்து நாலு டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு வெச்சுக்குவோம். பாத்துட்டு வைங்க" என்றார்.

வீட்டில் இதைக் கணவரிடம் சொன்னார். "இனி ஒரு குச்சி சொல்லும், நான் வைக்கணும். கை போச்சுன்னா ஒத்தடத்தம்மாவும் போயிட்டான்னுதானே அர்த்தம்."

வீட்டுக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குச்சிக்குத் தோல் ஏது? தோல்தானே வேணும், நான் இருக்கேனே. நாளைக்கு அரை நாள் லீவு போடுறேன்."

வெள்ளிக்கிழமை காலை சிகிச்சை நிலையத்தின் கடைசி அறையில் ஐந்து பைகளும் மேசைமேல் வரிசையாக வைக்கப்பட்டன. அடுப்பு மறுபடி எரிந்தது. டாக்டர் தெர்மாமீட்டரோடு நின்றார். ஒத்தடத்தம்மா ஒவ்வொன்றையும் சூடாக்கி, பிசைந்து, நாற்பத்து நாலுக்கு ஆறும்வரை காத்திருந்து, கணவர் முன் நீட்டினார். அவர் தலைமாணாக்கன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கூழாங்கல் பையைத் திறந்து கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "சுருக்குங்குது!"

தவிட்டின்மேல் வைத்தார். கையை எடுக்கவே இல்லை. "இது தாலாட்டுது. இன்னும் கொஞ்சம் சூடு இருந்தாக்கூடத் தேவலை."

டாக்டர் தெர்மாமீட்டரை மறுபடி கல்லுக்குள் செருகிப் பார்த்தார், தவிட்டுக்குள் செருகிப் பார்த்தார். "ரெண்டும் நாற்பத்து நாலுதானே காட்டுது?"

மூன்று நாட்களில் முதல் தடவையாக ஒத்தடத்தம்மா சிரித்தார். "நம்பர் ஒண்ணுதான் டாக்டர், குணம் வேற. கல்லு தன்கிட்ட இருக்கிறதைத் தோலுக்குச் சட்டுனு தள்ளிவிட்டுடும். தவிடு கைக்கு ஒட்டினது மட்டும் ஆறிட்டு, பின்னாடி இருக்கிறது மெதுவா வந்து சேரும். கல்லுக்கு இந்த நம்பரே ஜாஸ்தி. தவிடு இன்னும் ஒரு டிகிரி கூடினாலும் தாங்கும். குச்சி அதைச் சொல்லாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கை போயிருந்தது, கை சொல்லிக்கொடுத்தது போகவில்லை.

டாக்டர் வீட்டுக்காரரிடம் கேட்டார். "உங்க கடையிலயும் சட்டத்தைச் சூடு பண்ணித்தானே வளைப்பீங்க? இவ்வளவு மென்மையான கையை வெச்சுக்கிட்டு எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"கையாலயா? கிடுக்கியால எடுப்பேன். வளைச்சு முடிச்சதும் இங்கே வெச்சுப் பாப்பேன்." தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "காதுக்குப் பின்னாடி உக்காரப்போற பொருளுக்குக் கன்னம்தான் நியாயம் சொல்லும். விரல் வேலைக்காரன், பழகிப்போயிடுவான். கன்னம் எந்த வேலையும் செய்யறதில்ல, அதனால எதுக்கும் பழகறதில்ல."

ஒத்தடத்தம்மா அவரையே பார்த்தார். பிறகு நீலப் பையை எடுத்தார். சுத்தமான துண்டு ஒன்றை அதன்மேல் போட்டு, தலையைச் சாய்த்து, வலது கன்னத்தை வைத்தார். உடனே நிமிர்ந்துவிட்டார்.

"சுடுது!"

அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி அந்த அறை கேட்டதில்லை. "எனக்குக் கன்னம் இருக்குங்க! முப்பது வருஷமா சும்மா உக்காந்து சாப்பிட்டிருக்கு!"

"நான்தான் தினமும் பாக்கிறேனே, இருக்குன்னு சொல்லியிருப்பேனே" என்றார் பஞ்சு. டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியம்வரை அவர் ஐந்து பைகளையும் கன்னத்தில் வைத்து வைத்துப் பழகினார். இத்தனை வருடம் கூடவே இருந்தவர்களை முதல் தடவை நேருக்கு நேர் பார்ப்பதுபோல இருந்ததாகப் பின்னால் சொன்னார். உப்பு தான் நினைத்ததைவிடப் பொல்லாதது, தண்ணீர் நினைத்ததைவிட நல்லது என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை மின்சாரப் பைகள் வந்தன. முதல் அறையில் இடம்பிடித்தன. அடுப்பு அதன் இடத்திலேயே இருந்தது. கடைசி அறையில் முறை மட்டும் மாறியது: முதலில் தெர்மாமீட்டர், அடுத்துக் கன்னம், அதற்கடுத்து வந்தவரின் சொந்த மணிக்கட்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைத் தூக்கித் தோலைப் பார்ப்பார், கேட்பார். "சுகமா இருக்கு" என்கிற பதிலை அவர் இப்போதெல்லாம் ஏற்றுக்கொள்வதில்லை. "சுகம் கிடக்கட்டும். சுடுதா, சுடலையா, அதைச் சொல்லுங்க" என்பார். கன்னத்தில் துண்டின் வரி பதிந்த முகத்தோடு அவர் இப்படி அதட்டும்போது சிரிக்காமல் இருப்பது கஷ்டம். பழைய ஆட்களில் சிலருக்கு இதில் குறை. முன்பிருந்த கம்பீரம் இல்லையாம். கண்ணை மூடிப் பத்து எண்ணிச் சொல்லும் தீர்ப்பில் ஒரு தெய்வீகம் இருந்ததாம். என் கழுத்து அந்தத் தெய்வீகத்தைத் தேடவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தபால்காரம்மா வந்தார். அண்ணன் இல்லாமல் தனியாக. கடைசி அறையின் வாசலில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"புண் ஆறிடுச்சாம்மா?"

"புண்ணும் ஆறிடுச்சு, அண்ணனும் ஆறிட்டாரு" என்றார் தபால்காரம்மா. "தோள்தான் அப்படியே இருக்கு. உள்ளே வரலாமாக்கா?"

ஒத்தடத்தம்மா நீலப் பையின் பக்கம் கையைக் கொண்டுபோய், திரும்ப எடுத்துக்கொண்டு, பழுப்புப் பையை எடுத்தார். தவிட்டை இளம் தீயில் புரட்டினார். அறை முழுக்க வறுத்த கோதுமையின் வாசனை எழுந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தார். கன்னத்தை வைத்தார். தபால்காரம்மாவின் மணிக்கட்டில் வைத்து, அவர் தலையசைத்த பிறகு, பழைய வடு தெரிந்த தோளில் மெல்ல இறக்கினார். ஐந்து நிமிடம் ஆனதும் குனிந்தார்.

"சுடுதா?"

நல்லவரிடம் குறை சொல்லும் சங்கடம் தபால்காரம்மாவின் முகத்தில் ஏறி இறங்கியது.

"கோவிச்சுக்க மாட்டீங்களே? கொஞ்சம் அதிகமாத்தான் இருக்குக்கா."

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டிலிலிருந்து அவர் காதில் விழுந்த முதல் குறை அது. ஒத்தடத்தம்மா பையைத் தூக்கினார். தோலைப் பார்த்தார், லேசாகச் சிவந்திருந்தது, வேறொன்றுமில்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து, ஆறட்டும் என்று உட்கார்ந்தார். தவிடு வழக்கம்போலத் தயங்கித் தயங்கித்தான் ஆறியது. இரண்டு பேருக்கும் அவசரமில்லை.